சாரின் பீரோவில் 112 கேசட், 31 மினிடிவி: எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

பொருநைக்கரை:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். என் முனைவர் பட்ட நெறியாளருக்கு இப்போது 78 வயது. 1986-இல் தொடங்கி 2009 வரை வில்லுப்பாட்டுக்காக ஊர் ஊராக அலைந்தவர். நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம், தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்று எங்கே கொடை (கோயில் திருவிழா) நடந்தாலும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அதில் புத்தகமாக வந்தது கால்வாசிகூட இருக்காது. மிச்சமெல்லாம் ஒரு இரும்பு பீரோவில் கிடந்தது.

சார் இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறார். ஏழாவது மாடி. பீரோ லிஃப்டில் ஏறாதாம். "நீயே வச்சுக்கோம்மா" என்றார். குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அந்துருண்டை வாசம்.

உள்ளே இருப்பது: கேசட் 112 (பெரும்பாலும் 90 நிமிடம், கொஞ்சம் 120-உம் உண்டு), மினிடிஸ்க் 9, மினிடிவி என்ற சின்ன வீடியோ டேப் 31, சிடி 64, ஃபிளாப்பி 38, ஹார்ட் டிஸ்க் இரண்டு. சிடியில் 11 இப்போதே படிக்கவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் செருகினால் டக் டக் என்று தட்டுகிறது. இவை போக சார் கையால் எழுதிய களக்குறிப்பு நோட்டு 17. அதில் ஒரு பக்கம்கூடக் கெடவில்லை. சில இடங்களில் மை ஊறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை செய்தது என்னவென்றால், என் மாணவன் ஒருவன் ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கேசட் பிளேயர் வாங்கி வந்தான். ஆறு கேசட்டை எம்பி3 ஆக்கிவிட்டோம். கேட்க நன்றாகவே இருக்கிறது. கேசட் உறைகளைப் பார்த்து எக்செல்லில் 112 வரியும் ஏற்றிவிட்டேன். சார் சுருக்கமாகத்தான் எழுதுவார். 47-ஆம் கேசட்டில் இருப்பது இது: "சு.மா. 2 / கூ.குளம் / 23.4.93 / பாதி". இதை "சுடலைமாடன் கதை, இரண்டாம் பகுதி, கூடங்குளம்" என்று விரித்து எழுதினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் 112-ஐயும் முடித்ததில் கொஞ்சம் பெருமைகூட.

சிக்கல் தட்டச்சுக் கோப்புகளில். 1998 வாக்கில் சார் நிறையப் பாட்டுகளை எழுதி, டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வைத்திருக்கிறார். இன்று வேர்டில் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது. "அம்மா" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் போட்டு வைக்க எந்த ஹார்ட் டிஸ்க் நல்லது? நான்கு டெராபைட் போதுமா? ஒருமுறை போட்டால் ஐம்பது வருஷம் நிற்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? கிளவுட் என்றால் மாதா மாதம் சந்தா கட்டி என் சம்பளத்தில் மாளாது. ஆவணி பிறந்ததும் சார் கிளம்புகிறார். அதற்குள் ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லி அனுப்ப ஆசை.

ஒலிநாடா:

டீச்சர், நான் 1984-இலிருந்து 2003 வரை தென்காசியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். பன்னிரண்டு பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் கேசட்டில் அடித்துக் கொடுக்கிற கடை. கேசட் போனதும் கடையும் போயிற்று. அதற்குப் பிறகு அதே வேலையைத் தலைகீழாகச் செய்து பிழைக்கிறேன், கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு ஏற்றுவது. நூலகங்களுக்கும் செய்திருக்கிறேன், அப்பா குரல் வேண்டும் என்று ஒற்றைக் கேசட்டோடு வருகிறவர்களுக்கும் செய்திருக்கிறேன்.

டிஸ்க் பேச்சு அப்புறம். இன்று ராத்திரி சாப்பிட்டதும் 112 கேசட்டையும் தரையில் பரப்பிக்கொண்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு ஓரத்தில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். அதற்குமேல் அதில் யாரும் கைதவறிப் பதிந்துவிட முடியாது. இது என் கடையிலேயே நடந்தது. கடையநல்லூர்க்காரர் ஒருவர் தம் தாயார் பாடிய தாலாட்டைக் கொண்டுவந்து ஒரு பிரதி கேட்டார். கடைப் பையன் இரண்டு டெக்கிலும் கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டான். காலிக் கேசட்டின் நிசப்தம் தாலாட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்க்கும்போது மூன்று நிமிடம் போய்விட்டது. காசு வேண்டாம் என்றேன். அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த யூஎஸ்பி பிளேயரைத் தூர வையுங்கள். அதன் மோட்டார் நடுங்கும், நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் திருத்த வழி இருக்காது. பழைய கேசட் இன்னும் எத்தனை தடவை ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஓடுகிற ஒரு தடவையில் முழுசாக எடுத்துவிட வேண்டும். பழைய நல்ல டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல்ட் மாற்றி, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டின் கோணத்தைக் கேசட்டுக்குக் கேசட் திருத்த வேண்டும். சார் பதிந்த மெஷினில் ஹெட் எவ்வளவு கோணலாக இருந்ததோ, அதே கோணலுக்கு இதுவும் வந்தால்தான் சத்தம் முழுசாக வரும். வில்லுப்பாட்டுக்கு இது சுலபம். ஜால்ராவைக் கேளுங்கள். ஹெட் பக்கத்துச் சின்னத் திருகாணியை மெல்லத் திருகிக்கொண்டே வந்தால், போர்வைக்குள் தட்டுகிற மாதிரி இருந்த ஜால்ரா ஒரு இடத்தில் பளிச்சென்று வெளியே வரும். அங்கே நிறுத்துங்கள்.

நாடாவில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். 120 நிமிடக் கேசட்டில் நாடா மெலிசு, வேகமாகச் சுற்றினால் இழுபடும், சிக்கும். நடுவில் இருக்கிற பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் புதுக் கேசட் ஒன்றிலிருந்து எடுத்து வைக்கலாம்.

கணினியில் வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். உலகம் முழுக்க ஒலிக் காப்பகங்கள் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிற அளவு அது. 90 நிமிடக் கேசட்டுக்கு ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் மேலே வரும். 112-க்கும் சேர்த்து 175 ஜிபி என்று வையுங்கள். இன்றைய டிஸ்க் விலைக்கு அது ஒரு பொருட்டா? எம்பி3-ஐக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளலாம், அதையே மூலமாக வைக்காதீர்கள். காதுக்குத் தேவையில்லை என்று அது கழித்துப் போட்டது திரும்பி வராது. இரைச்சல் நீக்குகிற மென்பொருளிலும் கை வைக்க வேண்டாம். ஜெனரேட்டர் உறுமல், வேட்டு, மைக் செட்டுக்காரரின் ஹலோ ஹலோ எல்லாம் இருக்கட்டும். உங்களுக்கு இரைச்சலாகத் தெரிவது பின்னால் ஒருவருக்கு ஆய்வுப் பொருளாகலாம்.

இன்னொன்று, இது கேசட் போட்டுப் பழகியவனுக்குத்தான் தெரியும். கொடை ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகும். மூன்று மணிக்குமேல் ரெக்கார்டரில் பேட்டரி தளரும். நாடா மெதுவாக ஓடும்போது பதிந்ததை இன்று சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறிக் கேட்கும். விடியக்காலையில் அண்ணாவி (பாட்டை நடத்துகிறவர்) சுருதியைக் கூட்டிவிட்டார் என்று யாராவது கட்டுரை எழுதிவிடப் போகிறார்கள். எடுத்ததை எடுத்தபடி வைத்துவிட்டு, எத்தனையாவது கேசட்டிலிருந்து குரல் ஏறுகிறது என்று குறிப்பு மட்டும் எழுதி வையுங்கள்.

மினிடிவிக்கு ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி வேண்டும். டேப் ஒரு மணி நேரம் என்றால் ஏற்றவும் ஒரு மணி நேரம், 13 ஜிபி. மினிடிஸ்க் தொல்லை பிடித்த சாதி. மைக்கில் பதிந்ததைக்கூடக் கணினிக்கு நேரடியாக எடுக்க விடாமல்தான் பெரும்பாலான கருவிகளைச் செய்தார்கள். 2006-இல் வந்த ஆர்எச்1 என்ற மாடல் விடும். யாரிடமாவது இரவல் கிடைக்கிறதா என்று பாருங்கள். தட்டுகிற ஹார்ட் டிஸ்க்கை மறுபடி செருகவே செருகாதீர்கள். ஒவ்வொரு தட்டும் உள்ளே கீறலாகலாம். தரவு மீட்புக்காரரிடம் போகும்வரை அது தூங்கட்டும்.

இதெல்லாம் மெஷின் வேலை. காசும் பொறுமையும் இருந்தால் அடுத்த வருஷமும் செய்யலாம். ஆவணி தள்ளிப்போகாது. 47-ஆம் கேசட்டில் சு.மா. என்றால் சுடலைமாடன் என்று யார் சொன்னது? கூ.குளம் கூடங்குளம் என்றால் கூந்தங்குளம் எங்கே போயிற்று? பாதி என்றால் கதை பாதியா, நாடா பாதியா? இன்றைக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்கிறார், அவரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். எக்செல்லில் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, உறையில் உள்ளதைப் புள்ளி மாறாமல் அப்படியே எழுதுங்கள். உங்கள் ஊகம் தனிக் கட்டத்தில் இருக்கட்டும். அப்புறம் கேசட்டுகளோடு சார் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நெல்லைத்தம்பி:

எதுக்கு இவ்வளவு? எல்லாத்தையும் யூடியூப்ல ஏத்தி விட்டுருங்க டீச்சர். காசு கிடையாது, அழியாது, எல்லாரும் பார்ப்பாங்க. டிஸ்க் வாங்குற காசுக்கு நல்லா ஒரு பிரியாணி சாப்பிடலாம்.

வடலி:

அக்கா, அது பாமினி எழுத்துரு. எம், கே, அரைப்புள்ளி என்று சொன்ன உடனேயே தெரிந்துவிட்டது. நான் யாழ்ப்பாணம். இங்கே தொண்ணூறுகளில் பத்திரிகை, வினாத்தாள், கலியாண அட்டை, மரண அறிவித்தல் எல்லாம் பாமினியில்தான் வந்தது. அந்தக் குறியீட்டை இப்பவும் கண்ணாலேயே வாசிக்கக்கூடிய அச்சகக்காரர் சிலரை எனக்குத் தெரியும்.

இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்து ஏமாற்றின. கணினிக்கு அது ஆங்கிலம்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். ஆகவே ஒன்றை மறக்காதையுங்கோ: கோப்பை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்து மூலத்தை எறிந்துவிட வேண்டாம். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்ற தகவல் வேர்டு கோப்புக்குள்தான் இருக்கிறது. உங்கள் சார் பாட்டுக்கு நடுவில் "டேப் 14, சைடு பி" என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எழுத்துருத் தகவல் போய்விட்டால், மாற்றி மென்பொருள் அந்த ஆங்கிலத்தையும் பாமினி என்று நினைத்துத் தமிழில் உளறி வைக்கும். லிப்ரே ஆபிஸ் பழைய வேர்டு கோப்புகளைத் திறக்கும், பேஜ்மேக்கர் கோப்புகளைக்கூட ஓரளவு திறக்கும். அதில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, பாமினியாக உள்ள பகுதியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கோ.

மாற்றிய பிறகு "தெளிவு", "வெளி" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கோ. பாமினியில் ஔகாரத்துக்கு இருக்கும் இரண்டாம் துண்டும் ளகரமும் ஒரே விசை. அவசரமாக எழுதிய மாற்றி, தெளிவின் தெ-ள ஆகிய இரண்டையும் "தௌ" என்று பிடித்து, மிச்சமான இகரக் கொக்கியை அந்தரத்தில் தொங்கவிடும். நான் ஒரு ஊர் வரலாற்று நூலை மாற்றியபோது 300 பக்கத்திலும் வெளியூர்க்காரர் ஒருவருமே இல்லாமல் போனார்கள். தேடினால் வரவில்லை, எல்லாரும் "வௌி"யூர்க்காரர் ஆகியிருந்தார்கள்.

யூனிகோடு வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினி வேறு வேறாக வைத்திருக்கும். பழைய மேக் கணினிகள் கோப்பின் பெயரைப் பிரித்தே எழுதி வைக்கும். "கொடை" என்று நீங்கள் வைத்த கோப்பைத் தேடினால் "இல்லை" என்று வரும்போது பயப்படாதையுங்கோ. கோப்புப் பெயர்களை எண்ணாகவும் ஆங்கில எழுத்தாகவும் வைத்துக்கொண்டு, தமிழை உள்ளே எழுதுவதுதான் எங்கள் வழக்கம்.

தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. அப்போது யூனிகோடு தமிழ் புழக்கத்தில் இல்லை. டிஸ்கி என்ற பழைய குறியீட்டில் ஏற்றிய நூல்களைப் பிறகு உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். அப்படி மாற்ற ஆள் இருந்தபடியால்தான் இன்றைக்கும் அவற்றை வாசிக்கிறோம்.

ஒரே டிஸ்க்கில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1981-இல் எரிந்த எங்கள் நூலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் இருந்தன. நான் அதற்குமேல் சொல்லவில்லை.

குடமடித்தவர் பேத்தி:

இங்கே கணக்குத் தொடங்கி ஒரு வருஷமாகிறது, இதுதான் முதல் பதிவு. என் தாத்தா பணகுடிப் பக்கம் வில்லுக்குக் குடம் அடித்தவர். 2001-இல் இறந்துபோனார். எங்களிடம் இருப்பது குடும்ப அட்டைக்கு எடுத்த ஒரு போட்டோ. அவர் குரல் கிடையாது. "ஒரு சார் வந்து ராத்திரி பூரா பிடிச்சார், கேசட்டு தாரேன்னு சொல்லிட்டுப் போனார்" என்று ஆச்சி சொல்லுவாள். அது உங்கள் சாரா என்று தெரியாது. அந்தக் காலத்தில் காலேஜ்காரர்கள் பலபேர் வந்தார்களாம். தருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் தரவில்லை என்பது மட்டும் தெரியும்.

உங்களைக் குறை சொல்லவில்லை டீச்சர். ஐம்பது வருஷத்துக்குப் பத்திரப்படுத்துவது பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். பாடியவர்களின் வீட்டில் ஒரு பிரதி இருந்தால் அதுவும் பத்திரம்தானே? ஒரு பென் டிரைவ் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூட அழுதுகொண்டே கேட்பார்கள்.

யூடியூப் சொன்ன தம்பிக்கு: கோமரத்தாடிக்கு அருள் வருகிற இடத்து வரிகளைத் தாத்தா வீட்டில் சும்மா முணுமுணுக்கக்கூட மாட்டார். அப்புறம் கதைகளில் வெட்டுக்குத்து வரும், சாதிப் பேர் சொல்லித் திட்டுவது வரும். கோயில் வளாகத்துக்குள் ராத்திரி இரண்டு மணிக்கு அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுப் போவார்கள். அதையே முப்பது விநாடியாக வெட்டி யாராவது பரப்பினால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுக்ககத்தான்:

முப்பது வருஷம் நூலகத்தில் இருந்தவன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன். எந்த டிஸ்க் ஐம்பது வருஷம் நிற்கும்? எதுவும் நிற்காது. நிற்கிற டிஸ்க்கைத் தேடுவதை விட்டுவிட்டு, ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றப் போகும் டிஸ்க்கை வாங்குங்கள். மூன்று வாங்குங்கள், ஒரே கம்பெனி வேண்டாம். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று கல்லூரியில், மூன்றாவது சாரோடு பெங்களூர் போகட்டும். பீரோதானே லிஃப்டில் ஏறாது?

ஏற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற கணக்கைப் போட்டு வையுங்கள். இலவச மென்பொருள்களே போடும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்தில் ஒரு வரி வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும். அந்த வரிகளை அச்செடுத்து சாரின் நோட்டுகளோடு வையுங்கள். பொங்கலுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை மறுபடி கணக்குப் போட்டு ஒத்துப் பாருங்கள். கெட்டுப்போன பிரதியை நல்ல பிரதி என்று நினைத்து மற்ற இரண்டின் மேலும் எழுதிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த விபத்து.

பெரிய இடத்தில் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பீர்கள். பிரிட்டனில் இலக்கியம், வரலாறு, தொல்லியல், நிகழ்த்துகலை ஆகியவற்றின் ஆய்வுத் தரவுகளுக்கென்றே 1996-இல் ஒரு தேசிய சேவையைத் தொடங்கினார்கள். நன்றாகத்தான் நடந்தது. 2008-இல் பணத்தை நிறுத்திவிட்டார்கள். தொல்லியல் பிரிவு யார்க் பல்கலைக்கழகத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தையே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதல் முடக்கியது. நூற்பட்டியல் மறுபடி இணையத்துக்கு வர அடுத்த வருஷம் ஆகிவிட்டது. ஆக, கொடுங்கள், ஆனால் கொடுத்த பிறகும் உங்கள் மூன்று டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கே கொடுப்பது? குர்கானில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இன இசையியல் (மக்கள் குழுக்களின் இசை பற்றிய ஆய்வு) காப்பகம் 1982-இலிருந்து இருக்கிறது. ஆய்வாளர்களின் களப் பதிவுகளை வாங்கி வைப்பதே அவர்கள் வேலை. யார் கேட்கலாம், யார் பிரதி எடுக்கலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். பேத்தி சொன்ன கவலைக்கு அது பொருந்தும். எழுத்தாக்கங்களையும் அட்டவணையையும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றலாம். அணுத்துகள் ஆய்வு செய்கிற செர்ன் 2013-இலிருந்து நடத்துகிறது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை. நிரந்தர முகவரி ஒன்று தருவார்கள், கட்டுரையில் மேற்கோள் காட்டலாம். கோப்புகளைப் பூட்டி வைத்துவிட்டு விவரத்தை மட்டும் வெளியே காட்டவும் முடியும்.

நெல்லைத்தம்பிக்கு ஒரு வார்த்தை. யூடியூப் நீங்கள் ஏற்றியதைச் சுருக்கித்தான் மற்றவர்களுக்குக் காட்டும், கணக்கு முடங்கினால் எல்லாம் சேர்ந்து போகும். கடை ஜன்னலில் வைக்கலாம், பெட்டகமாகாது. அதோடு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடியவருக்கே உரிமை உண்டு, நிகழ்த்தியதிலிருந்து 50 வருஷம். பிரியாணியை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

நெல்லைத்தம்பி:

சரி அண்ணாச்சி, வாபஸ்.

பொருநைக்கரை:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 18 நாள் கழித்து எழுதுகிறேன், கை ஒழியவில்லை.

பல்லெல்லாம் உடைத்தாயிற்று. அம்மாவும் உதவினாள். ஆடி மாதத்தில் எதையும் உடைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அவள் நாற்பது உடைத்தாள். டெக் ஒன்று கிடைத்திருக்கிறது, பெல்ட் மாற்றக் கொடுத்திருக்கிறேன். பாமினி கோப்புகளில் நான்கை மாற்றினேன். முதல் கோப்பிலேயே "தௌி" 61 இடத்தில். வடலி, நீங்கள் சொல்லியிராவிட்டால் அப்படியே விட்டிருப்பேன்.

சார் வீட்டுக்கு ஐந்து நாள் போனேன். காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குமேல் அவரால் முடியவில்லை. 70 கேசட் வரை வந்திருக்கிறோம். 47-ஆம் கேசட்டைக் கையில் கொடுத்ததும் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். சு.மா. என்றால் சுந்தரம் மாமா. சாரின் மனைவி வழிச் சொந்தம். அந்த வருஷம் சாரின் ரெக்கார்டர் ரிப்பேராம், மாமாவிடம் இரண்டு ரெக்கார்டர் இருந்ததாம். "சு.மா. 2" என்றால் மாமாவின் இரண்டாவது மெஷினில் பதிந்தது. ஊர் கூந்தங்குளம். கதை முத்துப்பட்டன். "பாதி" என்பது கதையும் இல்லை, நாடாவும் இல்லை. பாதியில் மழை வந்து கொடையே கலைந்துவிட்டது. என் எக்செல் வரியில் சரியாக இருந்தது தேதி ஒன்றுதான். ஒலிநாடா அண்ணாச்சி கேட்டிருக்காவிட்டால் மூன்று டிஸ்க்கிலும் ஷா-256 போட்டு அந்தத் தப்பைக் காப்பாற்றியிருப்பேன்.

பேத்தி, உங்கள் தாத்தா பெயரை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பணகுடி என்று நோட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது. உறுதி எதுவும் சொல்ல மாட்டேன். கேசட் தருவதாகச் சொன்னது உண்டா என்று சாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லா ஊர்லயும் சொன்னேன்" என்றார். எத்தனை ஊருக்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரே நோட்டை வாங்கி, கொடுக்காத ஊர்களுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். 29 புள்ளி.

இப்போது ஒரு சந்தேகம். 58-ஆம் கேசட்டைப் போட்டுக் காட்டியபோது ஜால்ரா அடிக்கடி தாளம் தப்புவதைக் கேட்டு, இது யாரோ புது ஆள் போல என்றேன். "நான்தான்" என்றார் சார். ஜால்ராக்காரர் வரவில்லையாம், அண்ணாவி இவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாராம். இவருடைய புத்தகத்தில் இந்தக் கொடையைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது, அதில் இந்த விஷயம் இல்லை. என் அட்டவணையில் "பதிவு செய்தவர்" என்று ஒரு கட்டம், "கலைஞர்கள்" என்று ஒரு கட்டம். சாரை எதில் எழுதுவது?

ஒலிநாடா:

இரண்டிலும் எழுதுங்கள் டீச்சர். இன்னொன்று, அந்த ஜால்ராவை வைத்து ஹெட்டைத் திருத்தாதீர்கள். 58-க்கு மட்டும் குடத்தைக் கேளுங்கள்.